வாயில் பழமில்லாத கிளி

அவர் வீட்டுக்கு முதல் முறை போய்விட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன செய்கிறது என்று மனைவி கேட்டாள். வயிறு எரிகிறது என்றேன். அவள் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தேன். எரிச்சல் அப்படியே இருந்தது, பல வருஷம் இருந்தது.

அவர் இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையின் முதலாளி. நான் ஒரகடத்தில் மரப்பெட்டி செய்கிறவன். அவருடைய சரக்கு வெளிநாட்டுக்குப் போகும்போது அதை அடைக்கிற பெட்டியும், அடியில் வைக்கிற பேலட்டும் என் ஷெட்டிலிருந்து போகும். அவர் லேத் பட்டறையில் டர்னராக இருந்து முன்னுக்கு வந்தவர். பேச்சில் அந்தப் பட்டறை இன்னும் இருந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'பொட்டிக்காரரே' என்பார். நான் செய்வது பெட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எனக்கும் பழைய மரச்சாமான் பைத்தியம் உண்டு. நாள் முழுக்க வெளுத்த பைன் மரத்தையும் ஆணியையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு ரோஸ்வுட் மேசையைத் தடவிப் பார்க்க ஆசை வராதா? என்னிடம் ஆறே ஆறு உருப்படி. ஒரு எழுத்து மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சாய்வுக் கட்டில், கால் ஒடிந்த ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடிச் சட்டம். கண்ணாடி இல்லை, சட்டம் மட்டும்தான். அவரிடம் ஒரு பங்களா நிறைய இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு அந்தப் பக்கம் அந்த பங்களா. உள்ளே நுழைந்தால் பெல்ஜியம் கண்ணாடிகள், பர்மா தேக்கு மேசை, மார்பிள் பலகை போட்ட வட்ட டேபிள், ஆளுயர ஜப்பான் பூச்சாடி இரண்டு, வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்ட சரவிளக்கு. ஓடுகிற பெண்டுல கடிகாரம் மட்டும் பதினொன்று. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. எல்லாம் பன்னிரண்டு அடித்து முடிக்கும் வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொழிற்சாலையை நடத்துகிற மாதிரியே இதையும் நடத்தினார். ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் பார்கோடு ஸ்டிக்கர். எந்த அறை, எந்த மூலை என்று அதில் ஒரு எண். சுவரில் ஈரப்பதம் காட்டும் மீட்டர். கையுறை போட்ட இரண்டு பெண்கள் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அத்தனை ஆசனம் இருந்தும் அந்த வீட்டில் எதிலும் உட்காரக் கூடாது. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. அவரும் அதில்தான் உட்காருவார்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அவருக்கு மரம் தெரியாது. தேக்கையும் வேங்கையையும் பக்கத்தில் வைத்தால் முழிப்பார். யாராவது ஒரு பொருளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லுவார். அவருடைய எழுத்து மேசையில் கால்கள் பிற்பாடு மாற்றப்பட்டவை என்று நான்தான் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து என் காதுபடவே இன்னொருவருக்கு அதை விளக்கினார். எனக்குக் கண் இருந்தது, அவருக்குக் கை இருந்தது. கை இருக்கிறவன் வீட்டுக்குத்தான் பொருள் போகிறது.

காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் அந்த அலமாரியைப் பார்த்தேன். பழைய சாமான் கடை ஒன்றில், உடைந்த கதவுகளுக்குப் பின்னால் நின்றது. ரோஸ்வுட், இரண்டு கதவு, ஓரமெல்லாம் எலும்புத் துண்டு பதித்த பூவேலை. கதவுகளின் மேல்பக்கம் கிளிகளை வரிசையாகச் செதுக்கியிருந்தார்கள். பக்கத்துக்கு ஏழு. பதினாலு கிளி வாயிலும் பழம். நல்ல வேலைதான், ஆனால் இந்த மாதிரிக் கிளி வரிசையை வேறு இடத்திலும் பார்க்கலாம். இடது கதவைத் திறந்தேன். கதவு மூடியிருந்தால் தெரியாத உள்சட்டத்தில், கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொரு கிளி இருந்தது. கட்டைவிரல் அளவு. அதன் வாயில் பழம் இல்லை. தலையை நன்றாகத் திருப்பி, மேலே பழத்தோடு உட்கார்ந்திருக்கிற பதினாலையும் பார்த்துக்கொண்டிருந்தது. செதுக்கியவர் யாரோ, என்ன கடுப்பில் இருந்தாரோ. அந்த முகத்தை நான் தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன். கடைக்கார அம்மாவிடம் பேசி முடித்தேன். அந்த வாரம் என் லாரி முழுக்கத் துறைமுக லோடில் இருந்தது. சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் பெட்டி அளவு எடுக்க அவருடைய தொழிற்சாலைக்குப் போனேன். அவர் புதிதாக வந்த ஒரு கடிகாரத்தின் படத்தை போனில் காட்டி அரை மணி நேரம் பேசினார். என்னால் தாங்க முடியவில்லை. நானும் ஒன்று பிடித்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, கடை எந்தச் சந்து என்பது வரைக்கும் கொட்டிவிட்டேன். கிளியை மட்டும் சொல்லவில்லை. அதில் ஒரு விஷயம் இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று பெருமை பீற்றிக்கொண்டேன். அவர் காபி வரவழைத்தார்.

சனிக்கிழமை நான் லாரியோடு போய் நின்றபோது அலமாரி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் அனுப்பியதாகச் சொல்லி யாரோ வண்டியோடு வந்தார்கள் என்று கடைக்கார அம்மா சொன்னார். அடுத்த முறை பங்களாவுக்குப் போனபோது அது ஹாலில், பூச்சாடிகளுக்கு நடுவில் நின்றது. நான் முந்திக்கொண்டேன், உங்களுக்குக் கோபம் இல்லையே என்று அவர் கேட்டார். இல்லை சார், நல்ல இடத்துக்குத்தானே வந்திருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே அதைச் சொன்னதில் எனக்குத் தாடை வலித்தது.

இரண்டு வருஷம் அதை அவர் ஹாலில் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு எப்போதும் மூடியே இருந்தது. அவர் கிளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக, பார்க்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் வாங்கியது அலமாரி, கிளி இன்னும் என்னுடையது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். அலமாரிக்குக் கீழே மாவு கொட்டுகிறது, துடைக்கத் துடைக்க வருகிறது என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. முன்பக்கம்தான் ரோஸ்வுட், பின்பலகை ஏதோ சாதாரண மரம். அதில் வண்டு ஏறித் துளைக்கிறது. மற்ற சாமானுக்கும் பரவிவிடுமோ என்று அவர் பயந்தார். என் ஷெட்டில் சூட்டறை இருப்பது அவருக்குத் தெரியும். கப்பலேறுகிற மரம் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கிற பூச்சி சாகிற அளவுக்குச் சூடு காட்ட வேண்டும் என்பது விதி. பேலட்டுகளை அடுக்கி, கதவை மூடி, சூடு ஏற்றுவோம். வெளியே எடுத்ததும் எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் இரும்பைக் காய்ச்சி முத்திரை வைப்போம். கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் எங்கள் யூனிட்டின் எண்.

"நம்ம அலமாரிய அதுல வச்சா பூச்சி பூடும்ல? சூட்டுல வேற ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார்.

ஆகும். பைன் பேலட்டுக்கு அந்தச் சூடு ஒன்றுமில்லை. பழைய வச்சிரப் பசையில் ஒட்டிய எலும்பு வேலை அதில் பெயர்ந்து வரும். பாலிஷ் பொங்கும். காய்ந்த பலகை விரிசல் விடும். துளைக்குத் துளை ஊசியில் மருந்து ஏற்றுவதுதான் சரியான வழி. இதெல்லாம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் என் பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு நொடியில் நான் யோசித்தது இதுதான்: எனக்குக் கிடைக்காதது உனக்கும் வேண்டாம்.

"ஒண்ணும் ஆவாது சார். அனுப்புங்க" என்றேன்.

அன்றைக்கே வந்துவிட்டது. ஷெட்டில் ஒரு வெள்ளை போர்டு உண்டு. எந்த மரம், எத்தனை உருப்படி, சூடு உண்டா என்று நான் மார்க்கரில் எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வேலை செய்வார்கள். அன்று கடைசி வரியில் என் கையாலேயே எழுதினேன்: அலமாரி, ஒன்று, சூடு. எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சூட்டறை அன்று வேறு லோடில் இருந்ததால் அலமாரியை என் அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். எல்லோரும் கிளம்பியதும் சுற்றியிருந்த தாளைப் பிரித்து இடது கதவைத் திறந்தேன். கிளி அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைப் போய்ச் சூட்டில் வைக்கவா?

மறுநாள் மருந்துக்கடையில் ஊசிகள் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பலகையின் துளைகளுக்கு ஒவ்வொன்றாக மருந்து ஏற்றினேன். விஷயம் தெரிந்ததும், உங்களுடைய சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ள நேரமில்லை, அந்த ஆளின் அலமாரிக்குப் போட நேரமிருக்கிறதா என்று மனைவி கேட்டாள். பத்து நாளில் மாவு கொட்டுவது நின்றுவிட்டது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவர் போன் செய்தபோதெல்லாம் இன்னும் இரண்டு வாரம் சார், இன்னும் இரண்டு வாரம் என்று இழுத்தேன். என் அறை வாசலில் அது நிற்க, நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிப்பேன். அந்த நாட்களில் எனக்கு யார் மீதும் பொறாமை இல்லை. இனி அதைச் சூட்டில் வைக்கிற பேச்சே இல்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். முடிவை மனசுக்குள் பண்ணினேன். ஆட்கள் கேட்டபோது அப்புறம் பார்க்கலாம் என்றேனே தவிர, போர்டில் அழிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் துறைமுகத்தில் எங்கள் லோடு ஒன்றை நிறுத்திவிட்டார்கள். பேலட்டுகளில் முத்திரை சரியாகப் பதியவில்லை, எண் படிக்க முடியவில்லை என்றார்கள். நான் போய் ஒவ்வொரு மேசையாக நின்றேன். வெயில், பசி. அங்கிருந்தே என் சூப்பர்வைசருக்கு போன் போட்டுக் கத்தினேன். போர்டில் இருக்கிற எல்லாம் இன்றைக்கே முடிய வேண்டும், முத்திரை இல்லாமல் ஒரு குச்சி கூட வெளியே வரக் கூடாது, ஆழமாக விழ வேண்டும் என்றேன். சூப்பர்வைசர் தென்காசிப் பக்கத்துக்காரர். நம்பி ஷெட்டை விட்டுவிட்டுப் போகலாம். சொன்னால் சொன்னபடி செய்வார்.

செய்துவிட்டார். மறுநாள் காலை நான் போனபோது அலமாரி பேலட்டுகளின் வரிசையில், அளவாக இடம் விட்டு, நேராக நின்றது. பூவேலையில் பாதி எலும்புத் துண்டுகள் இல்லை. அவற்றைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, மேலே ஒட்டி வைத்திருந்தார்கள். வலது கதவில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். பாலிஷ் வெளுத்துக் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. இரண்டு பக்கப் பலகையிலும், நட்டநடுவில், கோதுமைக் கதிரும் என் எண்ணும். கறுப்பாக, ஆழமாக, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி.

 ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பென்னலூர்க்காரர், அப்போதே தான் சொன்னதாகச் சொல்ல ஆரம்பித்தார். "வூட்டு சாமான் மாரி கீதேன்னு நான் கேட்டேன் சார்" என்றார். சூப்பர்வைசர் போர்டைக் காட்டினார்.

"நீங்கதானய்யா எழுதிப் போட்டிருந்தீய? ஒரு மாசமா கெடக்கேன்னு, நேத்தைக்கு அதையும் சேத்து முடிச்சாச்சு."

என் கையெழுத்துத்தான்.  சரி என்றேன். கிளியைப் போய்ப் பார்த்தேன். உள்சட்டம் கெட்டியான மரம் என்பதால் அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இருங்காட்டுக்கோட்டைக்கு போன் செய்து அவரை வரச் சொன்னேன். வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஆட்கள் தவறுதலாகச் சூட்டில் வைத்துவிட்டார்கள் என்றேன். சூட்டில் வைக்கத்தானே அனுப்பினேன் என்றார். அதற்கு மேல் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் கத்துவார், என் பெட்டி ஆர்டரை நிறுத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அதுல உங்க நம்பரு வுழுந்துடுச்சு. இனிமே உங்களாண்டயே இருக்கட்டும் பொட்டிக்காரரே. இத வூட்ல வச்சினு நான் இன்னா பண்ணுவேன்?"

 நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். விரிசலை அடைக்கலாம், எலும்பை ஒட்டலாம், முத்திரை சுவர்ப் பக்கம் போகட்டும். அலமாரி எனக்கு வந்துவிட்டது. அவர் கார் வரைக்கும் போய்விட்டார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்று என்னைக் கூப்பிட்டார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்களே, அதுல ஒரு விஷயம் கீதுன்னு. அத நம்பித்தான் ஆள வுட்டு அத தூக்கினேன். ரெண்டு வருசமா பாத்துகினே கீறேன். ஒண்ணும் தெரியல. உங்களாண்ட கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னாதான் அது?"

ஒன்றுமில்லை சார், சும்மா சொன்னேன் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் காரில் ஏறிப் போயிருப்பார். ஆனால் இத்தனை வருஷமாக என் வயிறு யாரைப் பார்த்து எரிந்ததோ அந்த ஆள் என் எதிரில் நின்று, உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ருசியை எப்படி விடுவது? அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். இடது கதவைத் திறந்தேன். குனியுங்கள் சார், இன்னும் கீழே என்றேன். அவர் தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேலே பதினாலு பழம், கீழே இது ஒன்று என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் முழங்காலைத் தட்டிவிட்டு, டிரைவரைக் கூப்பிட்டார். தொழிற்சாலையிலிருந்து வண்டியும் நாலு ஆளும் வர வேண்டும் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கிளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அலமாரி போய்விட்டது. எலும்புத் துண்டு கவரையும் மறக்காமல் எடுத்துப் போனார்கள். அதன் பிறகுதான் போர்டில் அந்தக் கடைசி வரியை அழித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டிருந்தார். சென்னையிலிருந்து அவருக்குத் தெரிந்த சிலர் வந்திருந்தார்கள். அலமாரியைச் செப்பனிட்டு அதே பூச்சாடிகளுக்கு நடுவில் வைத்திருந்தார். இடது கதவு நிரந்தரமாகத் திறந்திருந்தது. கிளியின் மீது விழுகிற மாதிரி சின்னதாக ஒரு விளக்கு. ஒவ்வொருவராகக் குனிய வைத்துக் காட்டினார். மேலே பதினாலு பழம், கீழே இது ஒன்று என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார், நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டார். இதைத் தானே கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று என்றார். அது ஒரு விதத்தில் பொய்யும் இல்லை.

வந்தவர்களில் ஒரு அம்மா பக்கப் பலகையைப் பார்த்துவிட்டார். இவ்வளவு நல்ல பொருளில் இது என்ன சூடு போட்ட தழும்பு என்று கேட்டார்.

"அதுவா? அது நம்ம பொட்டிக்காரரு வேலை" என்று அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.